வலப்பக்கம் சுத்தினவன்

எங்க ஊர்ல சைக்கிள்னா ரெண்டு வேலைதான். பால் கேன் மாட்டணும், இல்ல புள்ளைங்கள ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போகணும். நாங்க நாலு பேரு மட்டும் அதும்மேல ஏறி நின்னு ஆடிக்கிட்டிருந்தோம். ஃபிளாட்லேண்ட் பிஎம்எக்ஸ்னு பேரு. மேடு ஏறித் தாவுறதெல்லாம் இதுல கிடையாது. குட்டி சைக்கிள், சமதரை, அவ்ளோதான். சக்கரத்து அச்சுல ரெண்டு பக்கமும் இரும்புக் குழாய் நீட்டிக்கிட்டிருக்கும், அதுக்குப் பேரு பெக். அதும்மேல கால வச்சு ஒத்தச் சக்கரத்துல சுத்தணும். ஆசிரமத்துக்கு வந்த வெள்ளைக்காரர் ஒருத்தர் விட்டுட்டுப் போன வீடியோ சிடியைத் தேயத் தேயப் போட்டுப் பார்த்துக் கத்துக்கிட்டோம். இதெல்லாம் ரெண்டாயிரத்துக்கு அப்புறம். "சர்க்கஸ்ல சேரப் போறீங்களா?"னு கேக்காத ஆளு திருவண்ணாமலையில கிடையாது. எனக்கு சுர்ருனு ஏறும். எங்கள்ல ஒருத்தன் மட்டும், "ஆமாங்க, புலிதான் இன்னும் கிடைக்கல"ம்பான்.

அவனப் பத்திதான் சொல்ல வந்தேன். கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் நெலம் வச்சிருந்த குடும்பம். அவன் வேங்கிக்கால்ல ஒரு வெல்டிங் பட்டறையில கேட்டும் கிரில்லும் அடிச்சிக்கிட்டிருந்தான். எனக்கும் அவனுக்கும் ஒரே வயசு. எங்க நாலு பேர் சைக்கிளுக்கும் பெக் செஞ்சது அவன்தான். எங்க மூணு பேருக்கும் மொதல்ல செஞ்சுட்டு, மிச்சமிருந்த துண்டுல தனக்கு செஞ்சுக்கிட்டான். அதுல ஒண்ணு குட்டையாப் போச்சு. அத மாத்தவே இல்ல.

ஊருக்கு வெளிய மல்லாட்டை காயப்போடுற சிமெண்ட் களம் ஒண்ணு இருந்துச்சு. வேர்க்கடலைய நாங்க அப்படித்தான் சொல்லுவோம். களத்துக்காரர் நல்ல மனுஷன், காலியா இருக்கறப்ப ஓட்டிக்கோங்கன்னுட்டாரு. ஒரு மல்லாட்டை டயர்ல மாட்டினாப் போதும், தாடை பேந்துடும். அதனால மொதல்ல வர்றவன் களத்தைக் கூட்டணும்னு எங்களுக்குள்ள ஒரு ஏற்பாடு. நான் எப்பப் போனாலும் களம் கூட்டி இருக்கும். அவன் தொடப்பத்தைச் சுவத்துல சாச்சு வச்சுட்டு உக்காந்திருப்பான்.

என் பிரச்சினை வேற. அவங்க மூணு பேரும் இடப்பக்கமா சுத்துவாங்க. சிடியில இருந்தவனுங்களும் அப்படித்தான். எனக்கு வலப்பக்கம்தான் வந்துச்சு. மலையைச் சுத்துற மாதிரி சுத்துறேன்னு எனக்கு கிரிவலம்னே பேரு வச்சுட்டானுங்க. "போங்கடா, அப்பிரதட்சணம் பண்றவனுங்களா"னு நானும் விடமாட்டேன். ஆனா முழு வட்டம் மட்டும் எனக்குக் கை கூடல. முன்சக்கரத்து பெக்ல ஒத்தக் கால், பின்சக்கரம் ஆகாசத்துல, அப்படியே ஒரு சுத்து சுத்தி, கால் தரையில படாம பெடலுக்குத் திரும்பணும். கண்ணாடியில பாக்கற மாதிரி எங்களப் பாருடான்னாங்க. பாத்தேன். முட்டி பேந்ததுதான் மிச்சம்.

அப்பதான் சென்னையில ஒரு போட்டின்னு தெரிஞ்சுது. கப் அவனுக்குத்தான்னு நாங்க மூணு பேரும் முடிவே பண்ணிட்டோம். அவன் வட்டம் அவ்ளோ சுத்தம். அவனுக்கும் அது வேண்டியிருந்துச்சு. அவங்கப்பா ஒரு நாள், "ஒரே ஒரு கப்பு வாங்கினு வாடா, அப்புறம் அந்த சைக்கிளப் பத்தி வாயே தொறக்கமாட்டேன்"னு சொல்லியிருந்தாரு. அதையே எங்ககிட்ட பத்து தடவ சொல்லிச் சிரிச்சான்.

போட்டி நெருங்க நெருங்க இவன் பொத்து பொத்துனு விழ ஆரம்பிச்சான். எனக்கு ஆத்திரம்னா ஆத்திரம். "இன்னாடா விளையாட்டு இது? கப்ப கோட்ட விட்டுறாத"னு கத்தினேன். "சும்மா இருடா கிரிவலம்"னான். முழங்கையெல்லாம் தோல் உரிஞ்சு, அதோடவே பட்டறைக்குப் போவான். ஒரு ஞாயித்துக்கிழம சாயங்காலம் என்னக் கூப்பிட்டான். "பின்னாடியே ஓடி வந்து பாரு. சக்கரத்தப் பாக்காத, என் இடுப்பப் பாரு." முழு வட்டம் போட்டான். வலப்பக்கமா.

அடப்பாவி! இத்தன நாளா விழுந்தது இதுக்குத்தானா? தோள எங்க சாய்க்கணும், இடுப்ப எப்பத் திருப்பணும்னு கண்ணால பாத்ததும் எனக்குப் புரிஞ்சுடுச்சு. அடுத்த வாரத்துக்குள்ள நானும் போட்டேன். என்ன விட ஜாஸ்தி குதிச்சது அவன்தான்.

சென்னையில அவன் பேரு மொதல்ல வந்துச்சு. எப்பவும் போல இடப்பக்கமா நுழைஞ்சான். பின்சக்கரம் மேல எழும்புச்சு. அந்த நேரம் பாத்து அவன் இடுப்பு வலப்பக்கம் திரும்பிடுச்சு. கால் தரையில பட்டுச்சு. கால் பட்டா வட்டம் கணக்குல சேராது. எனக்குத் தெரிஞ்சு போச்சு, அவன் உடம்புக்குள்ள என் சுத்து புகுந்துடுச்சுனு. என் முறை வந்தப்ப வட்டத்த முழுசா முடிச்சேன். எனக்கு ரெண்டாவது பரிசு, பேரு போட்ட கப்.

திரும்பி வர்ற பஸ்ல அந்தக் கப்ப அவன் மடியில வச்சேன். "இத உங்கப்பாகிட்ட காட்டுடா"ன்னேன். திருப்பித் திருப்பிப் பாத்தான். "உன் பேரு போட்டிருக்கே, எங்கப்பாவுக்குப் படிக்கத் தெரியும்டா"னு சொல்லிட்டுத் திருப்பிக் குடுத்துட்டான். செஞ்சி தாண்டுறவரைக்கும் ரெண்டு பேரும் அதுக்கே சிரிச்சோம்.

அதுக்கப்புறம் இடப்பக்க வட்டம் அவனுக்குப் பழையபடி வரவே இல்ல. அவனும் வலப்பக்கமே சுத்த ஆரம்பிச்சான். புதுசா வந்த காலேஜ் பசங்க என்கிட்ட, "அண்ணா, இவருக்கு நீங்கதான் கத்துக் குடுத்தீங்களா?"ன்னாங்க. வலப்பக்கம் சுத்துறது நாங்க ரெண்டு பேருதானே. நான் பதில் சொல்றதுக்குள்ள, "ஆமாம்பா, இவன்தான்"னுட்டான். "பொய் சொல்றான், நம்பாதீங்க"னு கத்தினேன். நான் தன்னடக்கமாப் பேசுறேன்னு நெனச்சுக்கிட்டானுங்க.

ரெண்டு வருஷம் கழிச்சு, பட்டறைக்குப் போற வழியில லாரி மோதி செத்துட்டான். காரியத்தன்னிக்கு அவங்கப்பா என் கையப் புடிச்சுக்கிட்டாரு. "நீதானேப்பா அவனுக்கு அந்தச் சுத்தக் கத்துக் குடுத்தது? கப்பு வாங்கினவன்கிட்டயே கத்துக்கறேன்பா, அடுத்த தடவ நான் வாங்கிடுவேன்னு சொல்லினே இருந்தான்."

நான் அழுதுக்கிட்டே நடந்தத எல்லாம் சொன்னேன். யார் யாருக்கு எந்தப் பக்கம் கத்துக் குடுத்தாங்கன்னு அவருக்கு எவ்ளோ வெளங்குச்சோ தெரியல. மறுநாள் கப்ப எடுத்துனு போய் அவர்கிட்ட குடுத்தேன். "இது அவனுதுங்க"ன்னேன். கண்ணாடியப் போட்டுக்கிட்டு அதுல இருந்த பேரப் படிச்சாரு. என்ன ஒரு தடவ நிமிந்து பாத்தாரு. எடுத்துனு போய் அவன் போட்டோ பக்கத்துல வச்சாரு.