பஞ்சு வைத்த மூடிகள்

எண்பதுகளின் தொடக்கத்தில் நாங்கள் செங்கம் சாலையிலிருந்து மலைப் பக்கமாகப் பிரியும் ஒரு சந்தில் குடியிருந்தோம். ஒரே வீட்டில் இரண்டு போர்ஷன்கள். முன்னால் வீட்டுக்காரர், பின்னால் நானும் மனைவியும். வீட்டுக்காரர் நகராட்சிப் பள்ளி ஆசிரியை. ஐம்பதை நெருங்கியவர், கணவரை இழந்தவர், ஆரணிப் பக்கத்துச் சமணக் குடும்பம். தெருவில் எல்லோருக்கும் அவர் டீச்சர்.

வீடு பார்க்கப் போன அன்றே இரண்டு நிபந்தனைகள் சொன்னார். கறி மீன் சமைக்கக் கூடாது. பூச்சி மருந்து எதுவும் வாசற்படியைத் தாண்டி வரக் கூடாது. முதலாவதை ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஸ்டாண்டு ஓட்டலில் சமாளித்துக்கொள்ளலாம் என்று நான் நினைத்தேன். மனைவிக்கு இரண்டாவதில்தான் சந்தேகம்.

"மூட்டைப்பூச்சி வந்தா என்னாங்க டீச்சர் பண்றது?"

"கட்டில வெயில்ல போடும்மா. அதுவே எறங்கிப் போயிடும்."

"போவலேன்னா?"

"திருப்பிப் போடு. நம்ம ஊர்ல வெயிலுக்கா பஞ்சம்?"

ஒப்புக்கொண்டோம். நான் அப்போது ஒரு நாளிதழுக்குப் பகுதி நேர நிருபர். காலையில் கோர்ட், தாலுகா ஆபீஸ், ஆஸ்பத்திரி, வேளாண்மை ஆபீஸ் என்று ஒரு சுற்று. மாலையில் எழுதியதைக் கவரில் போட்டு மெட்ராஸ் பஸ்ஸில் கொடுத்தனுப்ப வேண்டும். எனக்கு வரும் இலவசப் பிரதியை நான் படித்து முடித்ததும் காலை ஏழு மணிக்கு டீச்சரிடம் கொடுப்பேன். அவர் பள்ளிக்குக் கிளம்பும் முன் விளம்பரம் உட்பட முழுவதும் படித்துவிடுவார்.

அவர் வாழ்ந்த விதத்தை வருடக்கணக்கில் அருகிலிருந்து பார்த்தேன். விளக்கு வைக்கும் முன் சாப்பிட்டு முடித்துவிடுவார். கிணற்று நீரை நான்காக மடித்த துணியில் வடிகட்டுவார். வடிகட்டிய துணியைக் கிணற்றிலேயே அலசி, அதில் இருப்பதைத் தண்ணீருக்கே திருப்பி விடுவார். பால் சட்டியில் விழுந்த எறும்பை ஈர்க்குச்சியால் எடுத்துத் திட்டின் மேல் விட்டு, அது நகர்கிறதா என்று குனிந்து பார்ப்பார். இதையெல்லாம் யாருக்கும் காட்டுவதற்காகச் செய்யவில்லை. எங்களுக்கு உபதேசமும் செய்ததில்லை.

எங்கள் மகள் பிறந்த வருடம் ஒரு புது எறும்பு வந்தது. தெருமுனையில் வீடு கட்டியவர்கள் லாரியில் பூந்தொட்டிகள் கொண்டு வந்து இறக்கினார்கள், அதோடு வந்தது என்று பேச்சு. உறுதி செய்துகொள்ள வழியில்லை. ஆனால் லாரி எறும்பு என்ற பெயர் நிலைத்துவிட்டது. வைக்கோல் நிறம், உடம்புக்குப் பொருந்தாத நீளக் கால்கள். மற்ற எறும்புகளைப் போல வரிசையில் போகாது. நாலா பக்கமும் திக்குத் தெரியாததுபோல ஓடும். கடிப்பதில்லை, எதையோ பீய்ச்சியது. பட்ட இடம் சிவந்து எரிந்தது. ஒரு மாதத்தில் கிணற்றடிக் கல்லுக்கு அடியிலும் மாதுளை வேரிலும் குளியலறைச் சுவர் வெடிப்பிலும் கூடு வைத்துவிட்டது. அதுவரை வீட்டில் திரிந்த பிள்ளையார் எறும்புகளைக் காணவில்லை. அதை முதலில் கவனித்தவர் டீச்சர்தான்.

மஞ்சள் தூளில் கோடு போட்டுப் பார்த்தார். வேப்பெண்ணெய் தடவிப் பார்த்தார். எறும்புகள் இரண்டின் மேலும் ஏறிப் போயின.

ஒரு நாள் காலை தூளியில் குழந்தை வீறிட்டு அழுதது. மனைவி போய்ப் பார்த்தபோது முகத்தில் எறும்புகள் ஓடிக்கொண்டிருந்தன. இரண்டு கண் இமைகளும் வீங்கி மூடியிருந்தன. குழந்தைக்கு அப்போது மூன்று மாதம். ஆஸ்பத்திரியில் டாக்டர் கண்ணைக் கழுவிவிட்டு, இமையோடு போயிற்று, கருவிழியில் பட்டிருந்தால் வேறு மாதிரி ஆகியிருக்கும் என்றார். எனக்குச் செய்தி தரும் அதே குரலில்தான் சொன்னார். தூளியின் கயிற்றில் மண்ணெண்ணெய்த் துணி சுற்றினோம். மறுநாள் அது காய்ந்ததும் மேலே உத்தரத்திலிருந்து இறங்கி வந்தன. அந்த வாரம் நாங்கள் இருவரும் மாறி மாறிக் குழந்தையை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தோம்.

வேளாண்மை ஆபீசில் எனக்குப் பழக்கமான ஒருவர் இருந்தார். பவுடர் தூவினால் கண்ணில் படுவது மட்டும் சாகும், கூட்டுக்குள் ராணி முட்டையிட்டுக்கொண்டே இருக்கும் என்று விளக்கினார். அதற்கு வேறு வழி உண்டு. வெல்லப் பாகில் போரிக் பவுடரைக் கலந்து வைக்க வேண்டும்.

"ஜாஸ்தி போட்டீங்கன்னா அங்கியே செத்து வுழும் சார், பிரயோஜனம் இல்ல. கம்மியா போடணும். அப்பதான் வூட்டுக்குத் தூக்கினு போயி ராணிக்கும் குஞ்சுக்கும் ஊட்டும். ரெண்டு வாரம் நிறுத்தாம வைங்க. நடுவுல வுட்டீங்கன்னா திரும்ப முதல்லருந்துதான்."

கேரம் போர்டில் தூவும் அதே பவுடர்தான். தெரிந்த கேரம் மன்றத்திலேயே ஒரு பொட்டலம் வாங்கினேன். யோசனை கேட்டு வந்தது என் வீட்டுக்காக. ஆனால் கிடைத்த எதையும் வீணாக்கும் பழக்கம் நிருபருக்குக் கிடையாது. அன்று மாலைக் கவரில் நான்கு வரிக் குறிப்பாக அதையும் எழுதிச் சேர்த்தேன். பிறகு மறந்துவிட்டேன்.

கலர் சோடா பாட்டில் மூடிகள் பன்னிரண்டு சேர்த்தேன். ஒவ்வொன்றிலும் சிறிது பஞ்சு வைத்து அதன் மேல் பாகை ஊற்றினேன். பஞ்சு இல்லாவிட்டால் எறும்பு பாகில் மூழ்கிச் செத்துவிடும், கூட்டுக்குத் திரும்பாது. கிணற்றடியிலும் மாதுளை அடியிலும் சுவர் ஓரத்திலும் வைத்தேன். கால் மணி நேரத்தில் மூடிகளைச் சுற்றி எறும்புகள் வட்டமாகத் தலையைக் கொடுத்து நின்றன. வயிறு கண்ணாடி போல் உப்பியது. எதிரே வந்த எறும்பின் வாயோடு வாய் வைத்துப் பகிர்ந்துகொண்டன. உட்கார்ந்து பார்த்தேன். திட்டம் பலிக்கிறது என்று எனக்குத் திருப்தியாக இருந்தது.

மறுநாள் பள்ளி விட்டு வந்த டீச்சர் கிணற்றடியில் வெகுநேரம் நின்றார். என்ன பொய் சொல்வது என்று யோசித்துக்கொண்டே போனேன். அதற்குத் தேவை ஏற்படவில்லை.

"குழந்தை கண்ணுல வந்த எறும்புக்குத் தீனி வைக்கிறீங்களா சார்," என்றார். கேள்வியாக அல்ல. "முழுகிடக் கூடாதுனு பஞ்சு வேற வெச்சிருக்கீங்க. எனக்குத் தோணல பாருங்க. வெளியிலயே வயிறு ரொம்பினா வீட்டுக்குள்ள எதுக்கு வரப் போவுது?"

நான் தலையாட்டினேன். இல்லை என்று சொல்வதற்கு அந்த ஒரு நொடிதான் இருந்தது. அடுத்த நொடியில் அவர் மனைவியை அழைத்து, உன் வீட்டுக்காரருக்கு எவ்வளவு நல்ல மனசு பார் என்று சொல்லிக்கொண்டிருந்தார். மனைவி முந்தானையைச் சரிசெய்துகொண்டு உள்ளே போய்விட்டாள். அன்று மாலை டீச்சர் பெரிய வெல்லக் கட்டி ஒன்றைக் கொண்டு வந்து கொடுத்தார். உங்கள் செலவிலேயே எதற்கு, எனக்கும் அந்தப் புண்ணியத்தில் கொஞ்சம் வரட்டுமே என்றார். அந்த வெல்லத்தையும் பாகு காய்ச்சினேன்.

"சொல்லிடுங்க," என்றாள் மனைவி.

"எறும்பு போவட்டும்," என்றேன்.

ஐந்தாம் நாள், வேலூர் கோர்ட்டில் ஒரு கொலை வழக்கின் விசாரணைக்குப் போகும்படி பத்திரிகையிலிருந்து தந்தி வந்தது. நான்கு நாள் வேலை. மனைவியும் குழந்தையும் அதற்குள் போளூரில் அவள் அம்மா வீட்டில் இருந்துவிட்டு வருவதாக ஏற்பாடு. கிளம்பும்போது டீச்சர் வாசலில் நின்றார். பாகு கொஞ்சம் கொடுத்துவிட்டுப் போனால் மூடிகளில் தானே ஊற்றுவதாகச் சொன்னார்.

பாகு பாட்டில் சமையலறை மாடத்தில் இருந்தது. இல்லை, தீர்ந்துவிட்டது என்று ஒரு வார்த்தை போதும். நடுவில் விட்டால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்று ஆபீஸ்காரர் சொன்னது மட்டும் நினைவில் இருந்தது. ராணி இன்னும் சாகவில்லை, எனக்கு நான்கு நாள் வேண்டும். உள்ளே போய்ப் பாட்டிலை எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தேன். இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார். ஒவ்வொரு மூடிக்கும் எத்தனை சொட்டு என்பதையும் சொன்னேன். பாகைத் தொட்ட கையைக் கழுவிக்கொள்ளுங்கள் என்றும் சொன்னேன். அந்த அக்கறைக்காகவும் என்னைப் பாராட்டினார்.

திரும்பி வந்தபோது அவரே கேட்டைத் திறந்தார். முகம் வாடியிருந்தது.

"ரெண்டு நாளா எறும்புங்க சோர்ந்து போயிருக்குது சார். நடக்கவே முடியல. கல்லுக்கு அடியிலேருந்து செத்ததைத் தூக்கியாந்து வெளிய போடுதுங்க. ஏதோ நோயி போல. அதான் ஒரு வேளைக்கு ரெண்டு வேளையா ஊத்தினேன்."

போய்ப் பார்த்தேன். கிணற்றடிக் கல்லின் ஓரத்தில் இறந்த எறும்புகள் உமி போலக் குவிந்திருந்தன. நடுவே சில பெரிய உடல்கள், ராணிகள். பன்னிரண்டு மூடிகளும் துடைத்துச் சுத்தமாக இருந்தன. அவற்றில் புதுப் பஞ்சு வைத்து, விளிம்பு வரை பாகு ஊற்றப்பட்டிருந்தது.

அடுத்த வாரம் எறும்புகள் இல்லை. குழந்தை மறுபடி தூளியில் தூங்கியது. மனைவி பல நாட்களுக்குப் பிறகு பகலில் தூங்கினாள். டீச்சர் மட்டும் காலையில் மூடிகளைப் பார்த்துவிட்டு, வேறெங்கோ போய்விட்டன போலிருக்கிறது என்பார். இப்போது சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். எறும்புகள் போன பிறகு சொல்லி என்ன ஆகப்போகிறது என்றும் நினைத்தேன்.

பத்து நாள் கழித்துப் பேப்பரைப் பிரித்தபோது உள்பக்கத்தின் கீழ் மூலையில் என் நான்கு வரிகள் இருந்தன. பத்திரிகை ஆபீஸ் மேஜையில் எங்கோ கிடந்ததை இடம் நிரப்ப எடுத்துப் போட்டிருக்கிறார்கள். எறும்புத் தொல்லையா என்று தலைப்பு. வெல்லப் பாகு, போரிக் பவுடர், பாட்டில் மூடி, பஞ்சு எல்லாம் இருந்தது. எறும்புகள் அதை உணவென்று நம்பிக் கூட்டுக்குக் கொண்டு செல்லும் என்ற வாக்கியமும் நான் எழுதியதுதான்.

பிரதியைப் பாய்க்கு அடியில் வைத்தேன். ஏழு மணிக்கு டீச்சர் கேட்டபோது, இன்று பேப்பர் பஸ்ஸில் வரவில்லை என்றேன்.

பள்ளியில் ஆசிரியர் அறைக்கு அதே பேப்பர் வரும் என்பது எனக்குத் தெரியும். பகல் முழுவதும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

மாலை ஐந்தரைக்கு வந்தார். கையில் பாட்டிலும், ஒரு தட்டில் பன்னிரண்டு மூடிகளும். எல்லாம் கழுவித் துடைத்திருந்தன. தட்டை ஜன்னல் திட்டில் வைத்தார்.

"நீங்க எழுதினதா சார்?"

"ஆமாங்க டீச்சர்."

உள்ளே குழந்தை எதற்கோ சிரித்தது.

"குழந்தைக்குனு நீங்க பண்ணீங்க. அதுல நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். என் குழந்தையா இருந்தா நான் என்னா பண்ணியிருப்பேனோ, அது எனக்கே தெரியாது. என் கையில எதுக்கு சார் குடுத்தீங்க?"

வழக்கமாகக் கேள்வி கேட்பது நான். பதில் தெரிந்தும் சொல்லாதவர்கள் நூறு பேரைப் பார்த்திருக்கிறேன். நடுவில் விட்டால் திரும்ப வந்துவிடும் என்பதால் கொடுத்தேன் என்றேன். உண்மை அதுதான். சொல்லும்போது அது எவ்வளவு சின்னக் காரணம் என்று தெரிந்தது.

"ரெண்டு வேளை ஊத்தினேனே," என்றார். என்னிடம் சொல்லவில்லை. முன்பகுதிக்குப் போய்விட்டார். அன்று அவர் வீட்டு அடுப்பு எரியவில்லை.

வீட்டைக் காலி செய்யச் சொல்வார் என்று எதிர்பார்த்தோம். சொல்லவில்லை. மறுநாள் ஏழு மணிக்குப் பேப்பருக்காகக் கை நீட்டினார், கொடுத்தேன். குழந்தையை எடுத்துக் கொஞ்சுவதும் நிற்கவில்லை. சில வாரம் கழித்துத்தான் மனைவி கண்டுபிடித்தாள். டீச்சர் வெல்லத்தை விட்டுவிட்டார். அவர்கள் சமண வழியில் ஒரு பொருளை ஆயுளுக்கும் விலக்கிவிடுவது உண்டு. எதற்காக என்று மனைவி கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. மழைக்குப் பிறகு பிள்ளையார் எறும்புகள் கிணற்றடிக்குத் திரும்பி வந்தன. அதைக்கூட அவரிடம் போய்ச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அந்த வீட்டில் மேலும் நான்கு வருடம் இருந்தோம். ஒவ்வொரு பொங்கலுக்கும் டீச்சர் குழந்தைக்கென்று ஒரு கிண்ணம் சர்க்கரைப் பொங்கல் அனுப்புவார். கடைசி வருடம் அவரே எடுத்து வந்து மகளை மடியில் உட்கார வைத்து ஊட்டினார். அவள் ஒரு வாய் வாங்கிவிட்டு, அடுத்த வாயை அவர் பக்கம் தள்ளினாள்.

"நீங்க தின்னல டீச்சர்?"

"எனக்கு வெல்லம் ஒத்துக்காது கண்ணு. நீ சாப்பிடு."

மகள் கண்ணைச் சிமிட்டாமல் அவரைப் பார்த்தாள். பிறகு வாயைத் திறந்தாள். டீச்சர் போன பிறகு கிண்ணத்தின் அடியில் ஒட்டியிருந்ததை வழித்து நான் வாயில் போட்டேன். அவர் ருசி பார்க்காமலே செய்தது. வெல்லம் ஜாஸ்தியும் இல்லை, கம்மியும் இல்லை.