வேலிக்கு வெளியே நின்ற எருக்கு

பழைய ஈயச் சுரங்கம் விட்டுச்சென்ற கழிவு மணல்மேல் கட்டப்பட்டது எங்கள் கோயில். பின்புறத்தில் வேறெதுவும் வேர்கொள்ளாது என்றறிந்தே, பாலைநிலத்திலும் பிழைக்கும் எருக்கில் பதினொரு கன்றுகள் நட்டேன். நான் வளர்த்த செடியின் பூவால் ஒரு சதுர்த்திக்கேனும் விநாயகருக்கு மாலை சாத்த வேண்டும்; பணி ஓய்வுக்குப் பின் எனக்கிருந்த ஆசை அது ஒன்றே.

ஆறு ஆண்டுகள் பிரிக்ஃபீல்ட்ஸில் உள்ள என் வீட்டிலிருந்து காலை இரயிலில் சென்று உழவாரப்பணி செய்தேன். பதிகம் ஓதியபடியே செடிகளின் அடியில் ஓர் இலைகூடக் கிடவாமல் பெருக்கி, மூட்டை கட்டிக் குப்பைத்தொட்டியில் போட்டேன். சந்நிதிச் சூழலில் சருகு கிடக்கலாமா? செடிகளோ ஆண்டுக்காண்டு மெலிந்தன. வரும் சதுர்த்திக்குள் பூக்காவிட்டால் அவ்விடம் கார் நிறுத்துமிடமாகும் என்றது நிர்வாகக் குழு.

வாசலில் பூக்கட்டும் பெண்மணி ஒருநாள் சிரித்தார்.

“அங்கிள், வேலிக்கு வெளிய தானா மொளச்ச எருக்கப் போய்ப் பாருங்க லா. யாரும் பாடவும் இல்ல, கூட்டவும் இல்ல. எப்படிப் பூத்துத் தள்ளுது!”

“அது காட்டுச் செடிம்மா.”

“உங்களது மட்டும் என்ன, அரமனைச் செடியா?”

சினத்தோடுதான் போனேன். அதன் அடியில் பல ஆண்டுச் சருகு தடித்துக் கிடந்தது. உழவாரத்தால் கிளறினேன். கருமண், ஈரம், நெளியும் மண்புழு. இரண்டடி தள்ளிக் கிளறினால் அதே வெள்ளை மணல். தான் உதிர்த்ததையும் காற்று கொணர்ந்த தூசியையும் சேர்த்துவைத்து, அச்செடி தன் வேருக்குத் தானே நிலம் செய்திருந்தது. என் பதினொன்றும் அதைத்தான் செய்ய முயன்றிருக்கின்றன. நான்தான் நாள்தோறும் அள்ளி எறிந்திருக்கிறேன்.

மறுநாளே பெருக்குவதை நிறுத்தினேன். சதுர்த்திக்கு மூன்றே வாரம். சருகு மண்ணாவதற்கு அது போதாது.

“என்னங்க ஐயா, பின்னால ஒரே குப்பையா கெடக்கு? ஒடம்பு முடியலையா?” என்றார் குழுத் தலைவர். விளக்கினேன். கேட்டுவிட்டு, “லோரிக்குச் சொல்லியாச்சே ஐயா” என்றார். சதுர்த்திக் கெடுவுக்கு இரு நாள் முன்னரே லோரி வந்து, பதினொரு செடிகள்மேலும் சரளை கொட்டிப் போனது.

சதுர்த்தியன்று விநாயகர் மார்பில் எருக்கமாலை கிடந்தது. வேலிக்கு வெளியே பறித்த பூ. எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள், ஆறு ஆண்டுகள் வளாகத்தைத் தூய்மையாக வைத்திருந்தமைக்காக. எல்லாரும் கைதட்டினார்கள். குனிந்து வாங்கிக்கொண்டேன்.