பொழச்ச படம்

அரியமங்கலம் லாரிப் பட்டறைகளில் கழுகுக்கும் தாமரைக்கும் பெயர் போனவள் ஜோதி. வண்டியின் கண்ணாடியைத் துடைக்கிறார்களோ இல்லையோ, கதவில் அவள் வரைந்த கழுகை டிரைவர்கள் தினமும் துடைப்பார்கள். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் மஞ்சள் காமாலையில் பிழைத்து எழுந்தவள், பட்டறையில் மிஞ்சிய தகரத்தில் தான் படுத்துக்கிடந்த கோலத்தையே வரைந்து, நன்றியாகத் தெருமுனை மாரியம்மன் கோயிலில் மாட்டினாள். முகத்தை அசல் மஞ்சளாகவே தீட்டியிருந்தாள். அதைப் பார்த்துவிட்டு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். ஹார்ட் ஆபரேஷன், டெங்கு, குறைமாதக் குழந்தை, எது வந்து போனாலும் அவளிடம் தகரம் இருந்தது. ‘பொழச்ச படம்’ என்று ஜனங்களே பெயர் வைத்துவிட்டார்கள்.

அதில் அவளுக்கு ஒரே ஒரு சட்டம். “எப்படிக் கிடந்தீங்களோ அப்படித்தான் போடுவேன். எதுலேர்ந்து காப்பாத்தினோம்னு சாமிக்கே தெரிய வேணாமா?” என்பாள். ட்யூபை மறைக்கச் சொன்னாலும் சரி, மொட்டைத் தலைக்கு முடி வைக்கச் சொன்னாலும் சரி, நடக்காது.

இந்த ஆடியில் ஸ்ரீரங்கத்திலிருந்து ராஜகோபாலன் வந்தார். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். மனைவி வத்ஸலாவுக்கு முதுகுத்தண்டில் கட்டி வந்து, ஆபரேஷன் ஆகி, எட்டு மாதம் படுக்கை. இப்போதுதான் வாக்கர் பிடித்து நடக்கிறாள்.

“மேலே ரங்கநாதர், கீழே ஆஸ்பத்திரிக் கட்டில்ல எங்க ஆத்துக்காரி. பெருமாள்கிட்ட அப்படித்தான் வேண்டிண்டேன்” என்றார்.

ஆளைப் பார்க்காமல் முகம் வராது. ஜோதி மறுநாளே பஸ் ஏறி அவர்கள் வீட்டுக்குப் போனாள். பென்சிலில் கோடு இழுத்ததும் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. மாரியம்மன் என்றால் உட்கார்ந்து பார்ப்பாள். முருகன் நின்று பார்ப்பார். இங்கே பெருமாளும் படுத்திருக்கிறார், மாமியும் படுத்திருக்கிறாள். யாரை யார் கவனித்துக்கொள்வது?

ராஜகோபாலன் காபி கலக்க உள்ளே போன நேரத்தில் வத்ஸலா காகிதத்தை எட்டிப் பார்த்தாள். அவள் சிரிக்கவில்லை.

“எட்டு மாசம் மேல ஃபேனையே பார்த்துண்டு கிடந்தேன் ஜோதி. பார்க்க வர்றவா எல்லாரும் குனிஞ்சு குனிஞ்சு பேசினா. இதைப் பூஜை அறையில மாட்டினா, தினம் சேவிக்கறச்சே நான் மறுபடியும் படுத்துக்கணும். நான் போனப்புறமும் அங்க படுத்துண்டேதான் இருப்பேன். வேண்டாம்மா.”

சட்டம் ஜோதியின் நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் வாக்கரை இறுக்கிப் பிடித்திருந்த மாமியின் விரல்கள் வெளுத்துப் போயிருந்தன.

“பத்து நாள் குடுங்க மாமி. என் படம் பொய்யும் சொல்லாது, உங்களைப் படுக்கவும் வைக்காது” என்று வாக்குக் கொடுத்துவிட்டாள். எப்படி என்று அவளுக்கே தெரியாது. ஆனால் வந்துவிடும் என்று தெரியும். முப்பது வருஷமாக அந்தக் கை அவளை ஏமாற்றியதில்லை.

பத்தாம் நாள் தகரத்தைக் கொண்டுவந்து கூடத்துச் சுவரில் சாய்த்து வைத்தாள். மேலே பாம்பணையில் பெருமாள். கீழே ஆஸ்பத்திரிக் கட்டில், டிரிப்ஸ் ஸ்டாண்டு, தலை அழுந்திய குழியோடு ஒரு தலையணை. கட்டிலில் ஆள் இல்லை.

ராஜகோபாலனுக்கு முகம் கறுத்துவிட்டது. “காலிக் கட்டிலா? அமங்களமா இருக்கேம்மா! அவ எங்கே?”

“தரையைப் பாருங்க சார்.”

கட்டிலிலிருந்து வெள்ளைக் கால்தடங்கள் இறங்கியிருந்தன, கிருஷ்ண ஜெயந்திக்கு மாவில் வைப்பதுபோல. ஒவ்வொரு ஜோடிக்கும் முன்னால் வாக்கரின் நாலு புள்ளிகள். அதை ஜோதி விட்டுவிடுவாளா? கணக்கு வாத்தியார் குனிந்து, விரல் வைத்து ஒவ்வொரு அடியாக எண்ணிக்கொண்டே போனார். தடங்கள் தகரத்தின் வலது ஓரம்வரை வந்து விளிம்போடு நின்றன. விரலும் நின்றது. அவர் நிமிர்ந்தார்.

அந்த ஓரத்தை ஒட்டி, வாக்கரைப் பிடித்துக்கொண்டு வத்ஸலா.

“இங்கேதான் நிக்கறேன்” என்றாள்.