ஜெனரேட்டர் ஓடும்போது ஓடாத மைக்

எனக்கு மைக் தேவையில்லை. நான் வருகைப் பதிவு எடுத்தால் ஆந்திர எல்லையில் இருக்கிற எளாவூர் செக்போஸ்ட்டில் லாரிக்காரன் பிரேக் போடுவான் என்று பள்ளியில் ஒரு பேச்சு உண்டு. கிளப்பிவிட்டவன் நான்தான். அந்தத் தொண்டையை வைத்துக்கொண்டு கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையை ஒட்டிய தொடக்கப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தேன். எங்கள் பின்சுவருக்கு அந்தப் பக்கம் இரும்புத் தகடு வெட்டும் கம்பெனி. தகடு விழும்போதெல்லாம் இந்தப் பக்கம் கரும்பலகையிலிருந்து சாக்பீஸ் தூள் உதிரும்.

அந்தக் கம்பெனிதான் எங்களுக்கு மைக் செட் தானம் கொடுத்தது. காதைப் பிய்த்தவனே கம்மல் வாங்கித் தந்த மாதிரி.

மைக்கை ஆசிரியர்களுக்கு அறிமுகப்படுத்த, ஒரு சனிக்கிழமை, சென்னையிலிருந்து டை கட்டிய இளைஞர் ஒருவர் வந்தார். வகுப்புக்கு ஒரு ஸ்பீக்கர், கழுத்தருகே குத்திக்கொள்ளக் குட்டி மைக், இடுப்பில் மாட்ட ஒரு சின்னப் பெட்டி. “இத பெல்ட்ல இப்படி க்ளிப் பண்ணிக்கணும் மேடம்” என்றார். எதிரே ஹெச்.எம். அம்மா உட்பட அத்தனை பேரும் புடவை. பெல்ட் கட்டியிருந்தவன் நான் ஒருவன்தான்.

“நான் வேணா கிளாஸ் கிளாஸா போய் ஸ்டாண்டு மாதிரி நிக்கட்டுமா?” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள், இரண்டாம் வகுப்பு டீச்சரைத் தவிர.

அவருக்குச் சிரித்தாலும் தொண்டை வலிக்கும். குரல் நாணில் முடிச்சு விழுந்திருக்கிறது, இனியும் கத்தினால் குரலே போய்விடும் என்று பொன்னேரியில் டாக்டர் சொல்லியிருந்தார். எங்கள் பள்ளியிலோ கத்தாமல் ‘அ’ கூடச் சொல்லித்தர முடியாது. இந்த மைக்கும் உதவாவிட்டால் வேலையை விட்டுவிடுவது என்று வீட்டில் பேசி முடித்திருந்தார்.

திங்கட்கிழமை அந்தப் பெட்டியைக் கர்ச்சீப்பில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டு, வீட்டில் பேசுகிற குரலில் பாடம் எடுத்தார். கடைசி வரிசையிலிருந்து ஒரு குழந்தை எழுந்து கேட்டதாம்: “டீச்சர், உங்களுக்குக் கோவம் போயிடுச்சா?”

அதுவரை அவர் கத்தியதையெல்லாம் கோபம் என்றே பிள்ளைகள் நினைத்திருக்கிறார்கள். இதைச் சொல்லிவிட்டு டீச்சர் சிரித்தார். எனக்கு வயிறு எரிந்தது. எவனோ போட்ட சத்தத்துக்கு இவர் சிடுமூஞ்சி என்று பேர் வாங்கியிருக்கிறார்.

அந்த நிம்மதியும் நீடிக்கவில்லை. கரண்ட் கட் காலம் வந்தது. பகலில் மணிக்கணக்கில் மின்சாரம் போகும். போன மறுநிமிடம் கம்பெனிக்காரன் ஜெனரேட்டரைப் போடுவான். அதை அவன் வைத்திருந்த இடம் இரண்டாம் வகுப்புச் சுவரை ஒட்டி. தகடு விழுவதாவது விட்டுவிட்டு விழும். இது மூச்சுவிடாமல் உறுமும். சத்தம் உச்சத்தில் இருக்கும் நேரத்தில்தான் மைக்குக்கு உயிர் இருக்காது. டீச்சர் மறுபடி கத்தத் தொடங்கினார். சில நாட்களிலேயே குரல் தேய்ந்து காற்றாகிவிட்டது.

ஜெனரேட்டரைத் தள்ளி வைக்கச் சொல்லிக் கம்பெனியில் கேளுங்கள் என்று நான் ஹெச்.எம். அம்மாவிடம் குதித்தேன்.

“இன்னா சார் நீங்க? சும்மா குடுத்தவங்ககிட்ட போய் மல்லுக்கு நின்னா, குடுத்ததையும் புடுங்கிக்கினு பூடுவாங்க. பேஜாரு பண்ணாதீங்க” என்றார்.

அன்றே தனியாகப் போய்க் கம்பெனி கேட்டில் நின்று தொண்டை கிழியக் கத்திவிட்டு வந்தேன். யாரும் எட்டிப் பார்க்கவில்லை. மறுநாள் டீச்சரும் கூட வந்தார். வாட்ச்மேன் என்னைப் பார்த்ததும் பல்லைக் காட்டினார்.

“இன்னா வாத்யாரே, இன்னிக்கு டீச்சரம்மாவ இட்டுக்கினு வந்துக்கிற? நேத்து நீ கத்துனது பக்கத்துல நின்ன எனக்கே கேக்கல.”

லாரிக்கு பிரேக் போடவைத்த தொண்டையின் லட்சணம் அது.

மேனேஜர் அறைக்கு வெளியேதான் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்து, தேய்ந்த குரலில் நிதானமாக ஏதோ சொன்னார்.

“கொஞ்சம் சத்தமா சொல்லுங்கம்மா!” என்றார் மேனேஜர்.

நான் வாயைத் திறந்தேன். டீச்சர் கையைக் காட்டி அடக்கினார். அதே குரலில் திரும்பச் சொன்னார். மேனேஜர் ஜன்னலைச் சாத்தினார். டீச்சர் மறுபடி சொன்னார். மேனேஜர் மேசையைச் சுற்றி வந்து காதைக் கொடுத்தார். ஒன்றும் விளங்காமல், கதவைத் திறந்து வெளியே கூவினார்: “ஏம்ப்பா, அத ஒரு நிமிஷம் ஆஃப் பண்ணு! பேசறது கேக்கல!”

உறுமல் நின்றது. எங்கோ ஒரு காக்கை கத்தியதுகூடக் கேட்டது.

“இதச் சொல்லத்தான் சார் வந்தேன்” என்றார் டீச்சர். “ஒருத்தர் பேசறது உங்களுக்குக் கேக்கணும்னா நிறுத்துறீங்க. அந்தப் பக்கம் ஒரு கிளாஸ் புள்ளைங்க உக்காந்திருக்காங்க.”

மேனேஜர் பேனாவைத் திறந்து மூடினார். “ஜெனரேட்டர நிறுத்த முடியாதும்மா. வேணும்னா ஸ்கூலுக்கு இன்வெர்ட்டரும் பேட்டரியும் போட்டுத் தரச் சொல்றேன். மைக் ஓடும்.”

அதற்குமேல் என்னால் முடியவில்லை. “பேட்டரி எதுக்குய்யா? அந்தச் சனியனத் தூக்கி அந்தாண்ட வையி!” என்று கத்தினேன். ஜெனரேட்டர் ஓடுகிற கணக்கில் எடுத்துவைத்திருந்த குரல். நிசப்தத்தில் போய் விழுந்தது. ஷெட்டில் வேலை செய்தவர்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். வாட்ச்மேன் தடியோடு ஓடி வந்தார்.

“ஏன் சார் கத்துறீங்க?” என்றார் மேனேஜர், பாவம், காதைத் தேய்த்துக்கொண்டு.

“அவரு அப்படித்தான் சார்” என்றார் டீச்சர். “பேட்டரி எப்ப வரும்?”

நாங்கள் கேட்டைத் தாண்டுவதற்குள் ஜெனரேட்டர் மறுபடி உறுமியது. “ஒரு பேட்டரிக்குப் போய் ஒத்துக்கினீங்களே டீச்சர்” என்று வழியெல்லாம் பொருமினேன்.

“உங்க கோவம் நியாயம்தான் சார். ஆனா நாளைக்கு நான் கிளாஸ் எடுக்கணுமே” என்றார்.

பேட்டரி வந்தது, மேலே கம்பெனி பெயரைப் பெரிதாக எழுதிக்கொண்டு. கூடவே போட்டோகிராபரும் வந்தார். ஜெனரேட்டர் ஓர் அங்குலம்கூட நகரவில்லை. தானம் கொடுத்தவர்களோடு எல்லோரும் நிற்க வேண்டும் என்றார் ஹெச்.எம். அம்மா. எரிச்சலைக் காட்டியே தீருவது என்று முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு நின்றேன். அந்தப் படம் இன்னும் இருக்கிறது. அதில் எனக்குக் கல்யாணக் களை.

டீச்சர் படத்தில் இல்லை. போட்டோகிராபர் கூப்பிட்டபோது கரண்ட் இல்லை, ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டாம் வகுப்பு ஸ்பீக்கரிலிருந்து, “கழித்தல் முடியட்டும், வரேன்” என்று மெதுவாக ஒரு குரல் வந்தது.