பூபுசாராவின் இரண்டாம் முடுக்கு

சுங்கச்சாவடி வரிசையில் கார் நின்றதுமே பூபுசாரா ஆட்டுத்தோல் துண்டைப் பனியில் விரித்து, முன்சக்கரத்தருகே மண்டியிட்டுவிடுவாள். நலம் விசாரிப்பதெல்லாம் பிறகுதான். ஓட்டுபவர் கண்ணாடியை இறக்கி எட்டிப் பார்ப்பதற்குள் முதல் நட்டின்மேல் ஸ்பேனர் ஏறியிருக்கும். "பதறாதீங்க, கழட்டிட்டு ஓடமாட்டேன். எங்க வீட்டுக்காரரு மாட்டின சக்கரம் இது. உள்ளயே இருங்க, வெளிய குளிரு!"

வீட்டுக்காரர் துருஸ்பெக்குக்கு மலையடிவாரத்து ஊரான காரா-பால்தாவில் டயர் கடை. முதல் பனி விழுந்த அன்றே தோ-அஷூ கணவாயைத் தாண்ட வேண்டியவர்கள் எல்லாம் பனிக்காலச் சக்கரம் மாட்ட அவன் வாசலில் வந்து குவிவார்கள். சக்கரம் உருளாமல் அண்டைக் கல் வைப்பது, நட்டை முதலில் விரலால் ஏற்றுவது, எதிரெதிராக முடுக்குவது என்று எதிலும் அவன் குறை வைப்பதில்லை. ஆனால் மாட்டிய சக்கரம் கொஞ்ச தூரம் ஓடித் தன் இடத்தில் அமர்ந்தபின் இன்னொரு தரம் முடுக்கியாக வேண்டும். "ஒரு சுத்து ஓட்டிட்டுத் திரும்பி வாங்க" என்று அவன் கெஞ்சுவான். ஒருவரும் வரமாட்டார்கள். புறப்பட்ட வண்டியைத் திருப்பினால் ஆகாது என்பது இந்தப் பக்கத்து மனிதர்களின் பிடிவாதம். அடுப்பை அணைக்க மறந்துவிட்டது நினைவுக்கு வந்தால்கூடப் பக்கத்து வீட்டுக்குப் போன் போடுவார்களே ஒழிய, திரும்பமாட்டார்கள்.

அவர்களைத் திருத்துகிற வேலை நமக்கெதற்கு என்று பூபுசாரா தானே முன்னால் போய் நின்றுகொண்டாள். மலை ஏறுகிற எந்த வண்டியும் சாவடியில் நிற்காமல் போக முடியாது. அங்கே கறி வைத்துச் சுட்ட சம்சா விற்கிற கடை ஒன்று போட்டாள். கடை ஒரு சாக்குத்தான். பானையில் சம்சா ஆறிக் கிடக்கும், இவள் எவன் வண்டிக்கடியிலோ கிடப்பாள். கணவன் டயரில் போட்டு அனுப்பும் சுண்ணாம்புக் கோட்டைப் பார்த்து வண்டியை அடையாளம் கண்டுகொள்வாள்.

அவளுடைய ஸ்பேனர், வேண்டிய இறுக்கம் வந்ததும் 'டிக்' என்று ஓசை கொடுக்கிற ஜாதி. அந்த ஓசை வந்தால் ஒவ்வொரு நட்டுக்கும், "ம், சமர்த்து" என்பாள். வராவிட்டால் பல்லைக் கடித்துக்கொண்டு, "உனக்கு என்னடா கேடு?" என்பாள். தலையில் பூப்போட்ட கம்பளித் துணி, உடம்பில் கணவனின் பழைய ராணுவக் கோட்டு. லாரிக்காரர்கள் சீண்டாமல் போவதில்லை. "என்னக்கா, புருஷன் முடிச்ச வேலைய நம்பமாட்டியா?" அவளும் விடுவதில்லை. "அவர நம்புறேன் தம்பி. ரோட்டத்தான் நம்பமாட்டேன். உன் மூஞ்சிய இப்பத்தான் பாக்குறேன், அத நம்புறது அப்புறம்." கணவனை மற்றவர்கள் கேலி செய்யலாம், அதுவும் ஓர் அளவுக்குத்தான். அவன் வேலையில் பழுது என்று யாராவது சொன்னால் சம்சாவைக்கூடத் திருப்பி வாங்கிக்கொண்டுவிடுவாள்.

அன்று அப்படியொரு பேச்சு அவள் வாயிலிருந்தே வரவேண்டியதாயிற்று.

காலையிலிருந்தே பனி கொட்டிக்கொண்டிருந்தது. சாவடிக் காவலன் குபாத் வரிசை நெடுக நடந்து, "சீக்கிரம் நகருங்க! கணவாய மூடப்போறாங்க! தடுப்பு விழுந்துச்சுன்னா இன்னைக்கு அவ்வளவுதான்!" என்று கத்திக்கொண்டிருந்தான். அப்போது சாம்பல் நிற டொயோட்டா ஒன்று வந்து நின்றது. டயரில் சுண்ணாம்புக் கோடு. நிற்பதற்கு முன்பே பின்சக்கரத்திலிருந்து 'டக்... டக்...' என்று மெல்லிய தட்டல் கேட்டது. பூபுசாரா நேரே பின்சக்கரத்திடம் போய் மண்டியிட்டாள்.

ஓட்டி வந்தவன் பெயர் ஷேர்காசி. பின்னிருக்கையில் அவனுடைய தாய், கறுப்புத் துணியால் தலையை மூடிக்கொண்டு சாய்ந்து கிடந்தாள். மலைக்கு அப்பால் அவளுடைய அண்ணன் இறந்துபோயிருந்தார். மாலைக்குள் அடக்கம். அதற்குள் போய்ச் சேர்ந்தால் முகத்தைப் பார்க்கலாம், இல்லாவிட்டால் மண்மேட்டைத்தான்.

"அக்கா, விலகுங்க. துக்கத்துக்குப் போறோம்" என்றான் ஷேர்காசி.

"தெரியுது தம்பி. ஒரு நிமிஷம்."

"நிமிஷமே இல்லக்கா! தடுப்பப் போட்டுட்டா எங்கம்மா முகத்துல நான் எப்படி முழிப்பேன்?"

அவள் பின்சக்கரத்து நட்டில் ஸ்பேனரை வைத்தாள். ஓசையும் வரவில்லை, இறுக்கமும் வரவில்லை. நட்டு குழைந்து சுற்றியது. ஒன்றைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். அடியில் தட்டை வாஷர் வைத்த நட்டு. கோடைக்கால அலாய் சக்கரத்துக்கு உரியது. மாட்டியிருப்பதோ பனிக்கால இரும்புச் சக்கரம். அதன் குழிக்குள் கூம்பு முனை நட்டுதான் பொருந்தி உட்காரும். தட்டை நட்டு மேலோட்டமாகத் தொட்டுக்கொண்டு நிற்கும், கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்று பார்த்துக் கழன்று போகும்.

"தம்பி, கூம்பு நட்டு எங்க?"

"வீட்டுல ஷெட்டுல இருக்கு. எடுத்துட்டு வர மறந்துட்டேன். 'கழட்டினதையே மாட்டுங்கண்ணே'ன்னு நான்தான் அவசரப்படுத்தினேன். அவரு மாட்டேன்னுதான் சொன்னாரு. அம்மா அழுதாங்க, உடனே மாட்டிட்டாரு."

துருஸ்பெக்கின் குணம் அது. எதிரில் யாராவது அழுதால் அவனுக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது; கேட்டதைச் செய்துவிடுவான். பூபுசாராவுக்கு அவன்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது, அழுகையும் கூடவே வந்தது. பின்னால் நின்ற லாரிக்காரன் இறங்கி வந்து, "என்னக்கா ஆச்சு?" என்றான். மழுப்பிவிட்டிருக்கலாம். அவள் எழுந்து நின்று, வரிசைக்கே கேட்கும்படி சொன்னாள்: "எங்க வீட்டுக்காரரு தப்பு பண்ணிட்டாரு. இந்த வண்டி இப்படியே மலை ஏறக் கூடாது."

யாரும் சிரிக்கவில்லை. பின்னிருக்கைத் தாய் மட்டும் தலை நிமிர்ந்து, "அப்ப என் அண்ணன நான் பாக்க முடியாதா?" என்று கேட்டாள்.

பூபுசாரா சம்சா கடைக்குப் பின்னால் நிறுத்தியிருந்த தன் பழைய காரிடம் ஓடினாள். அதுவும் டொயோட்டா, இரும்புச் சக்கரம், கூம்பு நட்டுகள். ஒன்றைக் கழற்றி வந்து ஷேர்காசியின் வண்டி போல்ட்டில் விரலால் திருகிப் பார்த்தாள். வழுக்கிக்கொண்டு ஏறியது. "ஜாக்கி எடு! கல்லு வை! இங்க ஒருத்தரு வாங்கய்யா!" லாரிக்காரன் அவள் காரிலிருந்து நட்டுகளைக் கழற்றிக் கழற்றித் தர, அவள் ஒவ்வொரு சக்கரமாகத் தூக்கி, துளைகளுக்குள் விரல் விட்டு ஓரம் தேய்ந்திருக்கிறதா என்று தடவிப் பார்த்து மாட்டினாள். நல்லவேளை, எதுவும் தேயவில்லை. சக்கரத்தைத் தரையில் இறக்கி, எதிரெதிராக முடுக்கினாள். டிக். டிக். அன்றைக்கு அவள் எந்த நட்டையும் சமர்த்து என்று கொஞ்சவில்லை.

குபாத் தடுப்புக் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றான். "அக்கா, மேல இருந்து உத்தரவு வந்துருச்சு. கடைசி வண்டி இதுதான். போறதுன்னா இப்பவே போகணும்!"

ஷேர்காசி சாவியைத் திருகவில்லை. அவசரமெல்லாம் வடிந்து முகம் வெளுத்திருந்தது. "இவ்வளவு தூரம் அத வெச்சே ஓட்டிட்டு வந்திருக்கேன்" என்றான். "இப்ப மட்டும் கழண்டு போகாதுன்னு எப்படிக்கா நம்புறது? பின்னால எங்கம்மா இருக்காங்க."

அவன் கேட்டதில் நியாயம் இருந்தது. கடைக்காரன் தப்பாக மாட்டியது, அவன் மனைவி மாற்றியது. எதை வைத்து நம்புவான்? தாய் இரண்டு கைகளாலும் முன்னிருக்கையின் முதுகைப் பற்றிக்கொண்டிருந்தாள்.

பூபுசாரா ஆட்டுத்தோலை உதறிச் சுருட்டினாள். "குபாத், பானைய எடுத்து உள்ள வை. அவருக்குப் போன் போட்டு, நான் மலைக்கு அந்தப் பக்கம் போறேன்னு சொல்லிடு."

"என்னக்கா விளையாடுறியா? வழி தெறக்கிற வரைக்கும் திரும்பி வர முடியாது!"

"என் வண்டிக்கு நட்டு இல்லப்பா. வீட்டுக்கு மட்டும் எப்படிப் போவேன்?"

பின்கதவைத் திறந்து, தட்டல் கேட்ட அந்தச் சக்கரத்துக்கு நேர் மேலே, தாயின் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஸ்பேனரை மடியில் வைத்துக்கொண்டாள். வண்டி தடுப்பைத் தாண்டி ஏறத் தொடங்கியதும் கண்ணாடியை முழுக்க இறக்கி, தலைத்துணியை அவிழ்த்துத் தாயின் தோளில் போர்த்திவிட்டு, பனி முகத்தில் அடிக்க அடிக்க, தட்டல் கேட்கிறதா என்று காதை வெளியே நீட்டிக்கொண்டாள்.