தரணிதரன் சிரித்த வாரம்

கீழ் கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில், ஏழாம் நம்பர் காட்டுக்கு சூப்பர்வைசர் தரணிதரன். இருபத்தாறு வருடங்களாக அந்தக் காட்டுப் பெண்களிடம் அவர் பேசி வந்தது மொத்தம் மூன்றே வார்த்தைகள். "வெரசா", "சுத்தமா", "போதும்". கொட்டுகிற கொழுந்தில் ஒரு முற்றல் இலை கிடந்தாலும் அவர் கண்ணுக்குத் தப்பாது. கொட்டுகிறவளின் முகம் தாராளமாகத் தப்பிவிடும். தலையில் துணி, அதற்குமேல் மழைக்கு பிளாஸ்டிக், முதுகில் கூடை. இதற்குள் முகம் எங்கே இருக்கிறது என்று தேடுவதற்கா கம்பெனி சம்பளம் கொடுக்கிறது என்பது அவர் கட்சி.

இப்படியே ரிட்டயராகிப் போயிருப்பார். அதற்குள் மலைப்பெண்களுக்குத் திருப்பூர் பனியன் கம்பெனி மீது ஆசை வந்துவிட்டது. மற்ற காடுகளில் பாதிப்பேர் மூட்டை கட்டிவிட்டார்கள். மேனேஜர் கூப்பிட்டு, ஏழாம் நம்பரிலும் ஆள் குறைந்தால் காட்டை காண்ட்ராக்டுக்கு விட்டுவிடுவோம், உங்களை நாடுகாணிப் பக்கம் மாற்றிவிடுவோம் என்றார். தரணிதரனுக்கு ரிட்டயராக இன்னும் நான்கு வருடம் இருந்தது. மனைவி மகாலட்சுமியிடம் சொன்னபோது அவள் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவே இல்லை. "நீங்க மட்டும் போங்க. அங்க யானை இருக்குதுங்களாம். அதுக்கும் பேச்சுப் புடிக்காது, சோடி பொருத்தமா இருக்கும்."

இதில் வேடிக்கை என்னவென்றால், ஏழாம் நம்பரிலிருந்து அதுவரை ஒருத்திகூடப் போகவில்லை. ஏன் போகவில்லை என்று யாரும் யோசிக்கவில்லை. நன்றாக ஓடுகிற வண்டியை யாராவது கழற்றிப் பார்ப்பார்களா? கம்பெனி பார்க்கும். சூப்பர்வைசர்கள் எல்லாரையும் ஒருநாள் பயிற்சிக்குக் குன்னூருக்கு அனுப்பியது.

சென்னையிலிருந்து கோட்டுப் போட்ட ஒரு பையன் வந்திருந்தான். மனிதர்களோடு மனதால் இணைவது எப்படி என்பதை மதியச் சாப்பாட்டுக்குள் சொல்லி முடித்துவிட்டான். சிரியுங்கள். அவர்கள் சொன்ன கடைசி வார்த்தையைத் திருப்பிச் சொல்லுங்கள். பேர் சொல்லிக் கூப்பிட்டுக் குடும்பத்தை விசாரியுங்கள். இவ்வளவுதான் மனித மனம். தரணிதரன் எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டார். ராத்திரிச் சாப்பாட்டில் மனைவியிடம் சிரித்துப் பார்த்தார்.

"ஏனுங்க, பல்லு வலிங்களா?" என்றாள் மகாலட்சுமி.

திங்கட்கிழமை காட்டில் சிரித்தார். கொழுந்து வெட்டுகிற முப்பது கத்தரிகளும் அப்படியே நின்றன. எஸ்டேட்டை விற்றுவிட்டார்கள் என்று மதியத்துக்குள் தொழிலாளர் வீடுகள் இருக்கிற லயம் முழுக்கச் செய்தி பரவியது. செவ்வாய்க்கிழமை அடுத்த பாடம். வயதில் மூத்த வீரம்மா, "காலு வலிக்குதுங்கய்யா" என்றாள். "வலிக்குதுங்களா?" என்றார். "ஆமாங்கய்யா." "ஆமாங்களா?" வீரம்மா கூடையைத் தூக்கிக்கொண்டு நாலு வரிசை தள்ளிப் போய்விட்டாள்.

புதன்கிழமை செக்ரோல் என்கிற வருகைப் பதிவேட்டைப் பார்த்து ஒரு பேரை மனப்பாடம் செய்துகொண்டு வந்தார்.

"ரஞ்சனி, சவுக்கியமுங்களா? அண்ணன் என்ன பண்றாருங்க? கண்ணாலமாயி எத்தன வருசமாச்சுங்க?"

அவள் கையிலிருந்து கத்தரி விழுந்தது. கண் கலங்கிவிட்டது. அன்பாக விசாரித்தால் மனசு உருகும் என்று அந்தக் கோட்டுப் பையன் சொன்னது எவ்வளவு சரி என்று பூரித்துப் போனார் தரணிதரன். அவள் எதிரிலேயே நோட்டை எடுத்து, "பலன் தெரிகிறது" என்று எழுதினார்.

பலன் வியாழக்கிழமை காலையில் முழுதாகத் தெரிந்தது. முப்பது பேரில் எட்டுப் பேர்தான் வேலைக்கு வந்திருந்தார்கள். மதியம் மேனேஜர் ரவுண்டு வந்தால் கதை முடிந்தது. தரணிதரன் மூச்சு வாங்க லயத்துக்கு ஓடினார். ரஞ்சனி வீட்டு வாசலில் கட்டிய மூட்டை இரண்டு இருந்தது. வேலைக்கு வராத பெண்கள் எல்லாரும் அங்கேதான் நின்றார்கள்.

"நா ரஞ்சனி இல்லய்யா" என்றாள் அவள் எடுத்த எடுப்பில். "நா அவ அண்ணி. அவ கட்டிக்கிட்டுப் போயி பதினோரு வருசமாச்சு. வேல போனா லயத்து வீடும் போயிருமேன்னு அவ பேருல நா வந்தேன். மொத நாளு, நேரா ஒங்க முன்னாலதான் கூடையக் கொட்டுனேன். மாட்டிக்கிட்டேன்னுதான் நெனச்சேன். நீங்க நிமுந்து பாத்துட்டு, சுத்தமான்னு மட்டும் சொன்னீங்க. தெரிஞ்சும் தெரியாத மாதிரி இருக்காரே, இவருதான்யா சாமின்னு அன்னைக்குக் கும்பிட்டேன்."

"இவ மட்டுமா? ஒம்பது பேரு இப்பிடி அடுத்தவ பேருலதான் இருக்கோம்" என்றாள் வீரம்மா. "வேற காட்டுல இந்நேரம் சீட்டக் கிழிச்சிருப்பானுக. நீங்க வாயத் தொறக்கல. அந்த ஒரு நன்றிக்குத்தான் எங்கள்ல ஒருத்தியும் திருப்பூரு போகல. இப்ப என்னத்துக்கய்யா சிரிச்சுச் சிரிச்சு வெசாரிச்சு நோட்டுல எழுதுறீங்க?"

தரணிதரன் அசல் ரஞ்சனி எப்படி இருந்தாள் என்று நினைத்துப் பார்த்தார். ஒரு கூடைதான் ஞாபகத்துக்கு வந்தது. பதினோரு வருடமாக இத்தனை பேர் தன்னைக் கும்பிட்டிருக்கிறார்கள். தான் செய்ததெல்லாம் அவர்களைப் பார்க்காமல் இருந்ததுதான். வெட்கம் பிடுங்கித் தின்றது. உண்மையைச் சொல்லிவிடலாமா என்று வாயைத் திறந்தார். இருபத்தாறு வருடப் பாறையைப் பார்ப்பதுபோல அவர்கள் நம்பிக்கையோடு பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"எனக்குத் தெரியாதுங்களா?" என்றார். "எல்லாந் தெரியுமுங்க. ட்ரெயினிங்ல கேக்கச் சொன்னாங்க, கேட்டேன். இனிக் கேக்க மாட்டேன். வேலைக்கு வாங்க."

பத்தரை மணிக்கு முப்பது பேரும் காட்டில் இருந்தார்கள். நாடுகாணிப் பேச்சு அதோடு நின்றது. மூன்று மாதம் கழித்து, தொழிலாளர் மனதோடு இணைந்த சூப்பர்வைசர் என்று கம்பெனிப் பத்திரிகையில் அவர் போட்டோ வந்தது. கோட்டுப் பையன் போன் செய்து, தன் வகுப்பில் படித்தவர்களிலேயே நீங்கள்தான் முதல் மாணவர் என்றான்.

தரணிதரனுக்கு இப்போது ஒரு புது வியாதி பிடித்திருக்கிறது. முகங்களைப் பார்க்கிறார். ரஞ்சனி என்று பேர் போட்டுக்கொண்டு வருகிறவளுக்குப் புருவத்தின் மேல் ஒரு தழும்பு இருக்கிறது. மழை நாளில் தன் பிளாஸ்டிக்கை வீரம்மாவுக்குக் கொடுத்துவிட்டு நனைகிறாள். அவளுடைய சொந்தப் பேர் என்ன என்று தெரிந்துகொள்ள மனசு அடித்துக்கொள்கிறது. அவளிடம் கேட்க முடியாது, வீரம்மாவிடமும் கேட்க முடியாது. பதினோரு வருடமாக எல்லாம் தெரிந்த மனிதர் இதைப் போய் யாரிடம் கேட்பார்?