கோட்டு ஐயா சொல்லாமல் போனது

நான் வாயை மூடிக்கொண்டிருந்த காலம் போதும். வேலாயுதம் ஐயா காலமாகி ஒன்பது நாட்களாகின்றன. இந்த ஒன்பது நாட்களில் நான் படித்த அஞ்சலிகள் எல்லாவற்றிலும் ஒரே மனிதரைத்தான் பார்த்தேன்: மலையக மாணவர்களைச் சட்டத்தரணிகளாக்கிய வள்ளல், அணையா விளக்கு, இன்னும் என்னென்னவோ. நான் அறிந்த மனிதர் அவ்வளவு எளிதானவர் அல்லர்.

செய்தி வந்தபோது நான் படிப்பிக்கும் பாடசாலையில் இடைவேளை. மகள் கைபேசியில் அழைத்தாள்.

“அப்பா, கோட்டு ஐயா தவறிட்டாராம். விடிய, ஆஸ்பத்திரியில.”

அடுத்த மூச்சில், “அப்ப என் இன்டர்வியூ என்னாகும்ப்பா?” என்றாள்.

நான் அவளைக் கடிந்துகொள்ளவில்லை. எனக்கும் முதலில் அந்தக் கேள்விதான் வந்தது.

அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வேலாயுதம் ஐயா சப்ரகமுவையில் ஒரு நீதவான் நீதிமன்றத்தில் நீண்ட காலம் உரைபெயர்ப்பாளராக இருந்தார். எந்த ஊர் நீதிமன்றம் என்று எழுதமாட்டேன். சிங்களத்தில் நடக்கும் வழக்கைத் தமிழருக்கும், தமிழர் சொல்வதை நீதவானுக்கும் எடுத்துச் சொல்வது அவருடைய வேலை. தோட்டத்து ஆட்கள் நீதிமன்றத்தைக் கோடு என்பார்கள்; அவர்களுக்கு இவர் கோட்டு ஐயா. அந்தக் கூண்டில் நின்ற எங்கள் ஆட்களுக்காகப் பேச எங்கள் ஆட்களிலேயே ஒரு சட்டத்தரணி இல்லை என்பதைத் தினமும் பார்த்தவர் அவர். அதனால்தான் நண்பர்கள் சிலரைச் சேர்த்து, தோட்டப் பிள்ளைகள் சட்டம் படிக்க ஓர் உதவி நிதியைத் தொடங்கினார். ஆண்டுக்கு ஒருவருக்கு மட்டும். தேர்வு செய்யும் குழுவில் மூன்று பேர். செயலாளர் அவர்.

அவருடைய வேலைத் திறமையில் எனக்கு என்றும் சந்தேகம் இருந்ததில்லை. ஒருமுறை, பொலிஸ்காரர் ஒருவரை ஒரு தோட்டத் தொழிலாளி கெட்ட வார்த்தைகளால் திட்டினார் என்று வழக்கு. என்ன வார்த்தைகள் என்று நீதவான் கேட்டார். ஐயா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல், பஞ்சாங்கம் வாசிப்பவரைப் போல ஒவ்வொன்றையும் சிங்களத்தில் சொன்னார். கடைசி வார்த்தையில் நீதவானே தலையைக் குனிந்துகொண்டார். அதை நான் நேரில் பார்த்தேன். அந்த நிதிக்கு விண்ணப்பித்து, நான் நேர்முகத்துக்குப் போயிருந்த நாள் அது.

நான் ருவான்வெல்லைப் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பிறந்தவன். உயர்தரத்தில் நல்ல பெறுபேறு. சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வுக்குக் கொழும்பில் தங்கிப் படிக்க வழி இல்லை. அந்த நிதி கிடைத்தால் சட்டத்தரணி, கிடைக்காவிட்டால் எது கிடைக்கிறதோ அது. நேர்முகத்துக்கு இரண்டு பேரை அழைத்திருந்தார்கள். ஒருவன் நான். மற்றவர் பஸாரில் துணிக்கடை வைத்திருந்த முதலாளியின் மகள். தோட்டப் பிள்ளைகளுக்கான உதவிக்குக் கடைக்காரர் மகள் எப்படி வந்தார் என்று அன்றே கேட்டிருக்க வேண்டும். தாத்தா தோட்டத்தில் வேலை செய்தவராம், அது போதுமாம்.

ஐயாவின் நேர்முகம் மேசைக்கு முன்னால் நடப்பதில்லை. காலையில் எங்கள் இருவரையும் நீதிமன்றத்துக்கு வரச் சொன்னார்.

“வாசல்ல நம்ம ஆளுங்க நிப்பாங்க. ஒண்ணும் புரியாம முழிப்பாங்க. ஒங்களால ஆன ஒத்தாசையச் செய்யுங்க. மத்தியானம் கேன்டீன்ல பேசுவோம்.”

அவ்வளவுதான் அறிவுறுத்தல்.

வாசலில் மாரியாயி அக்கா நின்றிருந்தார். பக்கத்துத் தோட்டத்தில் பால் வெட்டுபவர். ஒரு பை ஒட்டுப்பாலுடன் பிடிபட்டதாக வழக்கு. மரத்திலும் சிரட்டையிலும் உறைந்து கிடக்கும் ரப்பர்தான் ஒட்டுப்பால்.

“தம்பி, ஒத்துக்கிட்டா இன்னைக்கே முடிஞ்சிரும்ல?”

“முடிஞ்சிரும் அக்கா. இல்லன்னா தவணை தவணையா வரணும். வர்ற நாளெல்லாம் பேர் போயிரும்.”

ஒரு நாள் வேலைக்குத் தோட்டத்தில் ஒரு பேர். நீதிமன்றத்துக்கு வந்தால் அன்றைய பேர் இல்லை. அதனால் எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு: செய்தோமோ இல்லையோ, முதல் அழைப்பிலேயே ஒத்துக்கொண்டு தண்டத்தைக் கட்டிவிட்டு மத்தியான பஸ்ஸைப் பிடிப்பது. விறகு வழக்கும் கள்ளச்சாராயக் கசிப்பு வழக்கும் அப்படித்தான் முடியும். என் அப்பாவே இரண்டு முறை அப்படி முடித்தவர்.

“அப்ப நீங்க சொன்னா சரிதான் தம்பி. படிச்ச புள்ள” என்றார் மாரியாயி அக்கா.

கூண்டில் ஏறினார். நீதவான் கேட்டார். ஐயா தமிழில் கேட்டார். “தப்புத்தாங்க சாமி” என்றார் அக்கா. “வெரதிகரு”, குற்றவாளி என்று ஐயா அதைச் சிங்களத்தில் சொன்னார். அடுத்த வழக்கை அழைத்தார்கள்.

மத்தியானம் கேன்டீனில் ஐயா தேநீரை ஆற்றிக்கொண்டே என்னிடம் கேட்டார்.

“அந்தப் பொம்பள ஒட்டுப்பால எடுத்துச்சா, தம்பி?”

“தெரியாதுங்க ஐயா.”

“கேக்கலியா?”

“இல்லீங்க.”

“கேக்காமத்தான் ஒத்துக்கச் சொன்னீங்களா?”

அவர் துணிக்கடைக்காரர் மகள் பக்கம் திரும்பினார். அந்தப் பெண் வழக்கு முடிந்தபின் அக்காவைப் பின்தொடர்ந்து போய்க் கேட்டிருந்தார். பையைக் கொடுத்து ஸ்டோருக்குக் கொண்டுபோகச் சொன்னது கங்காணியாம். வழியில் காவலாளி பிடித்ததும் கங்காணி தனக்கு ஒன்றும் தெரியாது என்றுவிட்டாராம்.

“ஐயா, கூண்டுல அவங்கள நீங்களும் கேக்கலியே?” என்றேன்.

அவர் கோபப்படவில்லை. “நான் கேக்க முடியாது தம்பி. அங்க எனக்கு வாய் மட்டுந்தான் குடுத்திருக்காங்க. நீங்க வக்கீலா வரப்போறவரு” என்றார்.

உதவி அந்தப் பெண்ணுக்குப் போனது.

நான் கசந்து போனதற்குக் காரணம் அது மட்டுமல்ல. ஒட்டுப்பால் காட்டு விறகு அல்ல, தோட்டத்தின் சொத்து. ஒத்துக்கொண்ட தீர்ப்பைக் காட்டித் தோட்டத்துத் துரை மாரியாயி அக்காவை வேலையிலிருந்து நிறுத்தினார். வேலை போனால் தோட்டம் கொடுத்த லயத்துக் காம்பரா வீடும் போகும். அக்கா பிள்ளைகளோடு புளத்கொகுபிட்டியவில் இருந்த தங்கை வீட்டுக்குப் போனார். இதை எனக்கு வந்து சொன்னவர் ஐயாதான். எங்கள் லயம் வரைக்கும் ஏறி வந்து, வாசலில் நின்றே சொல்லிவிட்டுப் போனார். துரையிடம் தானே போய்ப் பேசியதாகவும் நடக்கவில்லை என்றும் சொன்னார். என்னைக் குற்றம் சொல்ல வந்தாரா, தன் மனப்பாரத்தை இறக்க வந்தாரா? இன்றுவரை தெரியாது. நான் அவரை உட்காரச் சொல்லவில்லை.

அதன்பின் நான் அந்த நிதியைக் கண்காணிக்கத் தொடங்கினேன். ஒவ்வோர் ஆண்டும் யாருக்குப் போகிறது, அவர் தகப்பன் யார், எந்தத் தொழிற்சங்கம் என்று விசாரிப்பேன். பெரும்பாலும் லயத்துப் பிள்ளைகள்தான் என்பதை மறைக்க விரும்பவில்லை. கொழுந்து பறிப்பவரின் மகன் ஒருவர் இன்று எங்கள் மாவட்டத்தில் தமிழிலேயே வழக்குப் பேசுகிறார். ஆனால் ஒரு கதவு எனக்கு ஏன் மூடியது என்பதற்கு, அது பத்துப் பேருக்குத் திறந்தது விடையாகாது. அந்தப் பெண்ணுக்குக் கேள்வி முன்பே தெரியுமா? ஐயாவின் வேட்டிகள் அவள் தகப்பனார் கடையிலிருந்து வந்தவைதானே?

இந்த ஆண்டு என் மகள் என்னிடம் சொல்லாமல் விண்ணப்பித்தாள். சில வாரங்களுக்கு முன் இரத்தினபுரி பஸ் நிலையத்தில் ஐயாவைக் கண்டேன். மெலிந்திருந்தார். அவராகவே பக்கத்தில் வந்தார்.

“ஒங்க மக மனு வந்திச்சு. கையெழுத்துகூட ஒங்க மாதிரியே இருக்கு.”

“பழச மனசுல வச்சுக்கிட்டு அவளத் தள்ளிறாதீங்க ஐயா.”

“ஒங்கள நான் தள்ளுனதாவா இன்னமும் நெனச்சிக்கிட்டு இருக்கீங்க?”

“பின்ன யாரு தள்ளுனது?”

“மூணு பேரு உக்காந்தோம். எனக்கு ஒரு ஓட்டு. ஒங்களுக்குப் போட்டேன்னு சொன்னா நம்புவீங்களா?”

நான் பதில் சொல்வதற்குள் கேகாலை பஸ் வந்து நின்றது. நடத்துனர் “நகின்ன நகின்ன” என்று சிங்களத்தில் ஏறச் சொல்லிக் கத்திக்கொண்டு அவரைக் கையைப் பிடித்து ஏற்றினான். அவர் கேட்டது கேள்வியா பதிலா என்று நான் யோசித்து முடிப்பதற்குள் பஸ் வளைவைத் தாண்டிவிட்டது. பின்பு பேச வாய்ப்பு வரவில்லை. நானும் தேடிப் போகவில்லை.

இறுதிக்கிரியையில் அந்தத் துணிக்கடைக்காரர் மகளைக் கண்டேன். இன்று பெயர்பெற்ற சட்டத்தரணி, குழுவிலும் ஓர் உறுப்பினர். அந்த இடத்தில் கேட்கக்கூடாததைக் கேட்டேன்.

“மிஸ், அன்னைக்கு ஐயா யாருக்கு ஓட்டுப் போட்டாரு?”

“எனக்கும் தெரியாது சேர். நானும் ஒரு தடவ கேட்டேன். சிரிச்சாரு.” பின் தானாகவே சொன்னார்: “ஆனா ஒண்ணு. கேள்விய எனக்கு யாரும் முன்னுக்குச் சொல்லல. எங்கப்பா கடையில சாயம் போகாதுன்னு சொல்லிச் சொல்லி வித்ததப் பாத்து வளந்தவ நான். யாரு என்ன சொன்னாலும் மறுபடி ஒருக்கா கேட்டுப் பாப்பேன். பழக்கம்.”

அது உண்மையாக இருக்கலாம். அப்படியானால் அன்று சரியானவருக்குத்தான் கிடைத்தது என்று நான் எழுத வேண்டும். எழுதிவிட்டேன். ஆனால் நன்றாகத் தயாரித்த சட்டத்தரணியின் பதிலும் அப்படித்தான் இருக்கும்.

மாரியாயி அக்காவிடம் நான் இன்னும் போகவில்லை. ஐயா போயிருக்கிறார். மரண வீட்டில் அக்காவின் மகன் பாடையைத் தோளில் சுமந்தபோதுதான் அது எனக்குத் தெரிந்தது. ஐயா ஆண்டுதோறும் தைப்பொங்கலுக்கு அவர்கள் வீட்டுக்கு வருவாராம். ஒருவரிடமும் சொன்னதில்லை. தோளில் பச்சைத் துண்டு போட்ட அந்த மனிதன், சுடுகாட்டுச் சரிவில் எல்லோரும் ஆள் மாற்றிக்கொண்டபோதும், கடைசி வரை தோள் மாற்றவில்லை.

வேலாயுதம் ஐயா, உங்களை நான் மன்னித்தேனா, நீங்கள் என்னை மன்னித்தீர்களா என்பது தீராமலே போயிற்று. உங்கள் வாயால் இந்த மாவட்டத்தில் எத்தனையோ பேர் பேசினார்கள். நீங்கள் உங்களுக்காகப் பேசியதை நான் கேட்டதில்லை. போய் வாருங்கள்.

இதைத் தோட்டப் பழைய மாணவர்களின் முகநூல் பக்கத்தில் போடுவதென்று எழுதத் தொடங்கினேன். மகளின் நேர்முகம் அடுத்த மாதம். ஐயாவின் இடத்துக்கு இனி யார் வருவார் என்று தெரியாது. அந்தச் சட்டத்தரணி நிச்சயம் இருப்பார். முழுவதையும் மகளுக்கு வாசித்துக் காட்டினேன்.

“பேரப் போட்டே அனுப்புங்கப்பா. நேர்முகத்துல கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன்” என்றாள்.

அவளுக்கு அந்தத் துணிவு இருக்கிறது. எனக்கு அந்தக் குழுவின் மீது நம்பிக்கை இல்லை. என் பேச்சைக் கேட்டு ஒருத்தி வீட்டை இழந்தது போதும். எழுதியது யாரென்று அந்தச் சட்டத்தரணிக்குத் தெரியாமலிராது; ஆனாலும் கீழே எழுதியிருந்த என் பெயரை அழித்துவிட்டேன். கையொப்பம் இல்லாமலே இதைப் பதிவிடுகிறேன்.